பாறை மேல் வீடு, வீட்டோரம் மரம்

கரூர் - திண்டுக்கல் எல்லையில், கடவூர் மலையைச் சுற்றியுள்ள காடுகளில் கடப்பாரையைப் போட்டால் முக்கால் அடியிலேயே 'ணங்' என்று சத்தம் கேட்கும். மேலே செம்மண்ணும் வெங்கச்சங்கல்லும் கலந்த சரளை, கீழே சுக்கான் அல்லது கரும்பாறை. புதுக்கோட்டைப் பக்கம் போனால் செம்புராங்கல். கிருஷ்ணகிரி, தர்மபுரியிலும் பல இடங்களில் இதே நிலைமைதான். வெள்ளாமைக்கு ஆகாத கல்மேட்டைத்தான் நம்ம ஆட்கள் வீட்டுக்கு ஒதுக்குவார்கள். நல்ல மண்ணை வீட்டுக்குக் கொடுக்க எந்த விவசாயிக்கும் மனசு வராது, அது சரியும்கூட. அந்த வீட்டோரம் ஒரு வேம்போ, வாகையோ, புளியோ நிற்கும். ஆடிக்காற்றில் மரம் ஆடும்போது ஓட்டுக்குக் கீழே படுத்திருப்பவருக்குத் தூக்கம் வராது. விடிந்ததும் கேள்வி வரும்: "இதை வெட்டிரலாமுங்களா?"

வெட்டலாமா வேண்டாமா என்று மரத்தின் தலையைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது, வேரைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். பாறை நிலத்தில் அந்த வேர் எப்படி இருக்கும், எப்படிக் காப்பாற்றுவது, காப்பாற்ற முடியாத மரத்தை எப்படி இறக்குவது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு வீண் பயத்தைத் தள்ளி வைத்துவிடலாம். வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும் என்று சொல்லி எத்தனையோ நல்ல மரங்களை வெட்டியிருக்கிறோம். கரிசல் மண்ணில் அந்தப் பயத்துக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பக்கத்து மரம் கோடையில் ஈரத்தை உறிஞ்சும்போது சுருக்கம் கூடி, சுவரில் விரிசல் விழலாம். பாறையில் இறக்கிய அஸ்திவாரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. வேர் ஏற்கெனவே இருக்கிற இடுக்கில் ஈரத்தைத் தேடிப் போகும், போன இடத்தில் பருக்கும். அதனால் லேசான சுற்றுச்சுவர், களத்துத் தரை, பழைய செப்டிக் தொட்டி இவற்றுக்குச் சேதம் வரலாம். அரசும் ஆலும் மட்டும் விதிவிலக்கு. சுவர் இடுக்கில் அவை முளைத்தால் விரல்கடை அளவிலேயே பிடுங்கிவிட வேண்டும்.

பாறை நிலத்தில் நிஜமான ஆபத்து, மரம் வேரோடு சாய்வதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டை வழியாக மேற்கே வந்தபோது நாம் பார்த்ததை மறக்க முடியாது. நடுவில் முறிந்த மரங்களும் இருந்தன; மண்ணும் கல்லும் ஒட்டிய வேர்த்தட்டோடு, கதவு திறந்த மாதிரி எழும்பிக் கிடந்த மரங்களும் இருந்தன. அந்தத் தட்டுகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், பலவற்றின் கனம் ஒன்றரை இரண்டு அடிக்கு மேல் இல்லை.

ஆணிவேர் ஆழமாக இறங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படம் போட்டோம். ஆழ மண்ணில் விதைபோட்டு முளைத்த மரத்துக்கு அது ஓரளவு சரி. கெட்டிப்பாறைக்கு மேல் ஒன்றரை அடி மண் இருந்தால் ஆணிவேர் எங்கே போகும்? பக்கவாட்டில் திரும்பிவிடும். அங்கே மரம் ஆழத்தால் நிற்பதில்லை, அகலத்தால் நிற்கிறது. ஒயின் குவளை மாதிரி, கீழே தட்டு அகலமாக இருக்கிற வரைக்கும்தான் நிற்கும். அந்தத் தட்டின் மேல் நாம் செய்கிற ஒவ்வொரு வேலையும் மரத்தின் ஆயுளைத் தொடுகிறது.

தட்டு எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள ஒரு கயிறு போதும். நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில், மரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து அளவெடுங்கள். அந்தச் சுற்றளவைப் போல நாலு மடங்கு தூரத்தை மரத்தடியிலிருந்து வெளியே நீட்டினால், அதுதான் காப்பாற்ற வேண்டிய வட்டத்தின் விளிம்பு. அஞ்சடிச் சுற்றளவுள்ள வேம்புக்கு இருபது அடி. மர வல்லுநர்கள் விட்டத்தைப் போல பன்னிரண்டு மடங்கு என்று சொல்வார்கள், கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வட்டத்தில் உள் பாதி, அதாவது முதல் பத்தடி, மரத்தைத் தாங்குகிற பகுதி. வெளிப் பாதி பெரும்பாலும் தண்ணீரும் சத்தும் கொண்டுவருகிற பகுதி. பாறை நிலத்தில் இது அச்சடித்த வட்டமாக இருக்காது. இடுக்கு இருக்கிற பக்கம் வேர் நாற்பது அடிகூடப் போகும், கெட்டிப்பாறை இருக்கிற பக்கம் அஞ்சடியில் நின்றுவிடும். கடப்பாரையால் இரண்டு அடிக்கு ஒரு இடம் குத்திப் பார்த்தால் மண் எங்கே ஆழம், எங்கே இல்லை என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சொத்தை அடமானம் எடுக்கும் முன் வில்லங்கச் சான்று கேட்போம். அந்தச் சொத்தின் மேல் இதுவரை என்னென்ன நடந்திருக்கிறது என்று அதில் இருக்கும். மரத்துக்கும் அப்படி ஒன்று எழுதிப் பாருங்கள். இந்த வட்டத்துக்குள் கடைசி பத்து வருஷத்தில் பைப்புக்கு வாய்க்கால் வெட்டினோமா? செப்டிக் தொட்டி தோண்டினோமா? வாசலை உயர்த்த ஒரு லோடு கிராவல் கொட்டினோமா? சிமெண்ட் தளம் போட்டோமா? டிராக்டர் தினமும் அங்கேதான் நிற்கிறதா? போர் போட்ட லாரி ஏறி இறங்கியதா? அரை அடி மண் கொட்டினாலே சில மரங்களின் வேருக்கு மூச்சு முட்டும். அதன் விளைவு உடனே தெரியாது, ரெண்டு மூணு வருஷம் கழித்து உச்சிக்கொம்பு காயும்போதுதான் தெரியும். அதற்குள் கிராவல் கொட்டினதையே மறந்திருப்போம்.

எந்தப் பக்கத்து வேர் போனது என்பதும் முக்கியம். காற்று அடிக்கும்போது, காற்று வருகிற பக்கத்து வேர்கள்தான் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கின்றன. எங்கள் பக்கம் ஆனியிலிருந்து ஆவணி வரை காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான். மேற்கே வேரை வெட்டினால் மரம் கிழக்கே விழும். எங்கள் ஊரில் ஒரு தோட்டத்தில் இது அப்படியே நடந்தது. நல்ல வாகை மரம், அதற்குக் கிழக்கே மாட்டுக்கொட்டகை. மரத்துக்கு மேற்கே ஆறடியில் ஜேசிபி வைத்து பைப்புக்கு வாய்க்கால் பறித்தார்கள். தொடை பருமன் வேர் ரெண்டு துண்டானது. மரம் பச்சையாகத்தான் இருந்தது, ஆடு மாட்டுக்குத் தழையும் கொடுத்தது. இரண்டாம் வருஷம் ஆடியில் ஒரு ராத்திரி கொட்டகை மேல் சாய்ந்தது. சினை மாடு ஒன்று போயிற்று. வழக்கமாக அங்கே கட்டில் போட்டுப் படுக்கிற பெரியவர் அன்றைக்குக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். பைப்பை நாலு அடி வளைத்து எடுத்திருந்தால் கூடுதல் செலவு சில நூறு ரூபாய்தான் ஆகியிருக்கும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, சித்திரையில் கோடை மழைக்கு முன்னும் புரட்டாசி கடைசியிலும், மரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மேலே பார்ப்பதற்கு முன்னால் கீழே பாருங்கள். காற்று வருகிற பக்கம் தரையில் வளைவாக வெடிப்பு இருக்கிறதா, மண் லேசாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறதா? அடிமரத்திலோ வேரிலோ காளான் தட்டுத் தட்டாக முளைத்திருக்கிறதா? மரச் சுத்தியலால் தட்டினால் 'பொத்' என்று கேட்கிறதா? சாய்ந்த மரமென்றால், அது பழைய சாய்வா புதுச் சாய்வா என்று பார்க்க வேண்டும். பழைய சாய்வில் மரம் வளைந்து நுனி மேலே நிமிர்ந்திருக்கும், அது பல வருஷமாக அப்படியே வாழ்ந்து பழகிய மரம். அடியிலிருந்து நுனி வரை நேர்கோடாகச் சாய்ந்து, பின்பக்கம் மண்ணும் எழும்பியிருந்தால் அன்றைக்கே அதற்குக் கீழே கட்டிலையும் கன்றுக்குட்டியையும் அகற்றிவிடுங்கள்.

பொந்து இருந்தாலே வெட்ட வேண்டும் என்பதில்லை. பழைய புளியில் பொந்து இல்லாத மரத்தைப் பார்ப்பதே அபூர்வம். சுற்றியுள்ள கெட்டிக்கட்டை, மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக் கனம் இருந்தால் பொதுவாகத் தாங்கும். மூணு அடி விட்டமுள்ள மரத்துக்கு ஆறு அங்குலம். கிளிக்கும் ஆந்தைக்கும் அந்தப் பொந்துதான் வீடு, எலியைப் பிடிக்க ஆந்தைக்கு நாம் கொடுக்கிற ஒரே சம்பளம் அதுதான்.

பராமரிப்பு என்று பார்த்தால் பாதி வேலை தரையில்தான். வட்டம் முழுக்க நாலு அங்குலத்துக்கு மூடாக்கு, ஆனால் அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி எடுத்த ஏரி வண்டல் இருந்தால் வருஷத்துக்கு ஒரு அங்குலம் தூவலாம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீரை மரத்தடியில் விடாதீர்கள். அடியிலேயே ஊற்றினால் வேருக்கு வெளியே போக என்ன அவசியம்? நண்பகல் நிழலின் விளிம்பில் விட்டால் வேர் அகலும். கோடையில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நன்றாக நனைக்கிற தண்ணீர், தினம் ரெண்டு குடத்தைவிட மேல்.

அடுத்தது கவாத்து. நம் ஊரில் காற்றுக்குப் பயந்து மரத்தை மொட்டையடிக்கிறோம். முதல் வருஷம் நிம்மதியாக இருக்கும். மொட்டையடித்த இடத்தில் துடைப்பக்கட்டை மாதிரி ஒரே இடத்தில் இருபது போத்து கிளம்பும். இயல்பாக வளர்ந்த கிளை மரத்தின் உள்கட்டையோடு பிணைந்திருக்கும், இந்தப் போத்துகளோ பட்டைக்கு அடியிலிருந்து கிளம்பி மேலாக ஒட்டிக்கொண்டிருப்பவை. அடியில் வெட்டுவாய் அழுகும், மேலே போத்து பருக்கும். மூணு நாலு வருஷத்தில் முன்னைவிடக் கனமான தலை, முன்னைவிடப் பலவீனமான பிடிப்போடு வீட்டுக்கு மேலே நிற்கும். அதோடு, இலை போனால் வேருக்குச் சாப்பாடு போய்விடும். அகலத்தால் நிற்கிற மரத்துக்கு வேரைப் பட்டினி போடுவது அடிமடியில் கை வைப்பதற்குச் சமம். ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறவர்கள் வருஷா வருஷம் ஒரே மரத்தில் ஒடிக்காமல் மாற்றி மாற்றி ஒடிக்க வேண்டும், அதுவும் வீட்டோர மரத்தை விட்டுவிட்டு.

செய்ய வேண்டியது, காற்று புகுந்து போகிற மாதிரி இடையிடையே விலக்கி எடுப்பது. காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, ஓட்டுக்கு மேல் நீண்டது, இறுக்கமான கவட்டையில் பட்டை உள்ளே மாட்டிக்கொண்டு பிளக்கப் போவது என்று பார்த்து எடுங்கள். ஒரு வருஷத்தில் பச்சைத் தலையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது, கிழட்டு மரத்தில் அதிலும் பாதி. தை, மாசிதான் இதற்குத் தோது. வெட்டுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கிளையை மூணு வெட்டில் எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கால்வாசி. அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து கீழாக முழுவதும். கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிச்சமிருக்கும் மொட்டையைக் கடைசியாக, கிளை கிளம்பும் இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு கழுத்து இருக்கும் பாருங்கள், அந்தக் கழுத்தைத் தொடாமல் அதன் வெளி ஓரத்தில் வெட்டுங்கள். அடிமரத்தோடு மழமழவென்று சீவுவதும் தப்பு, முளை விட்டு வெட்டுவதும் தப்பு. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்ன விஷயம் இது. நமக்குப் புண் ஆறுகிற மாதிரி மரத்துக்கு ஆறுவதில்லை. மரம் அழுகலைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பி அடைத்து வைக்கிறது, அந்தச் சுவரை எழுப்புகிற இடம்தான் கழுத்து. சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசலாமா என்று கேட்பீர்கள். சின்ன வெட்டில் பூசினால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பெரிய வெட்டில் சாணிப் பூச்சோ பெயிண்டோ அழுகலைத் தடுக்கும் என்று நம்பிக்கொண்டு கழுத்தை வெட்டிவிடாதீர்கள்.

சரி, இத்தனைக்கும் பிறகு இறக்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால்? காற்றுப் பக்கத்து வேர் போய்விட்டது, அடியில் காளான், தரையில் புது வெடிப்பு. இவற்றில் இரண்டு சேர்ந்து, விழுகிற தூரத்தில் வீடும் இருந்தால் யோசிக்க வேண்டாம்.

ஆள் பேசுகிற இடத்தில்தான் விபத்து ஆரம்பிக்கிறது. மர வியாபாரி வந்து, "மரத்தை நான் எடுத்துக்கிறேன், கூலி வேண்டாம், மேலே இவ்வளவு தர்றேன்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அவருக்கு வேண்டியது நீளமான, வெட்டுப்படாத அடிக்கட்டை. உங்களுக்கு வேண்டியது ஓடு உடையாமல், ஒருத்தரும் அடிபடாமல் மரம் இறங்குவது. முழுசாகச் சாய்த்தால் அவருக்கு லாபம், துண்டு துண்டாக இறக்கினால் உங்களுக்குப் பாதுகாப்பு. மரத்தை விற்பது ஒரு வேலை, ஆபத்தை இறக்குவது வேறு வேலை. வீட்டோர மரத்தில் இரண்டையும் பிரித்துவிடுங்கள். இறக்குகிறவருக்குக் கூலி கொடுங்கள், தரையில் கிடக்கிற கட்டைக்கு அப்புறம் விலை பேசுங்கள். கணக்குப் போட்டால் கையில் வருவது கொஞ்சம் குறையும், குறையட்டும்.

ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக்கொள்வது நல்லது. எத்தனை துண்டாக இறக்குவது, கட்டை யாருக்கு, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு, எத்தனை ஆள். ஏறுகிறவருக்கு இடுப்புக் கச்சையும் தலைக்கவசமும் இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கு வங்கிக் கணக்கு இருந்தால் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். சேராதவராக இருந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போய்ப் படிவம் போட வையுங்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தின பிறகுதான் ஏற வேண்டும். வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினால் தெருக் கம்பியில் கரண்ட் போகாது. மரம் புறம்போக்கில் நின்றால், நாம்தான் வளர்த்தோம் என்றாலும் வருவாய்த் துறை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. 2சி பட்டா பலனை அனுபவிக்கத்தான், வெட்டுவதற்கு இல்லை. சந்தனம் என்றால் பட்டா நிலத்திலும் வனத்துறையைக் கேட்க வேண்டும், ஈட்டிக்கும் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டோரத்தில் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு துண்டையும் வடம் கட்டித் தாழ இறக்குவதுதான் முறை. கொப்பெல்லாம் இறங்கின பிறகு நிற்கும் அடிமரத்தை மட்டும், திறந்த பக்கம் இருந்தால் சாய்க்கலாம். விழ வேண்டிய பக்கம் விட்டத்தில் கால் பங்குக்கு வாய் வெட்டி, எதிர்ப்பக்கம் சற்று மேலே பின்வெட்டுப் போட்டு, நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக் கட்டையை அறுக்காமல் விட வேண்டும். அந்தக் கட்டைதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திருப்பிப் படுக்க வைக்கிறது. அதையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாறை நிலத்தில் இன்னும் ஒன்று. கட்டை மண்ணில் விழுந்தால் அமுங்கும், பாறையில் விழுந்தால் எகிறும், உருளும். மர உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆள் இருக்கக் கூடாது. அறுக்கிறவர் பின்பக்கமாகச் சாய்வாக விலகி ஓட வழி வேண்டும், அந்த வழியில் கல் கிடக்கக் கூடாது.

காற்றில் ஏற்கெனவே சாய்ந்து கிடக்கிற மரம், நிற்கிற மரத்தைவிட மோசம். அடிமரத்தை அறுத்த நொடியில் எழும்பி நிற்கிற வேர்த்தட்டு பழைய குழிக்கே திரும்பி அறையும். குழிக்குள் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் நினைத்துப் பார்க்கவே முடியாது. அறுக்கும் முன் தட்டுக்கு முட்டுக் கொடுங்கள், குழியில் யாரும் இல்லை என்று நீங்களே கண்ணால் பாருங்கள். சாய்ந்தது இளமரமாக இருந்து, பாதி வேர் மண்ணில் இருந்தால், தலையைக் குறைத்து, நாலைந்து நாளுக்குள் நிமிர்த்தி முட்டுக் கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கலாம்.

அடிக்கட்டையை ஜேசிபி வைத்துப் பிடுங்க வேண்டாம். பாறை இடுக்கில் பின்னிய வேர் வரும்போது பாறைப் பலகையையும் நெம்பிக்கொண்டு வரும், அப்போதுதான் நிஜமாகவே அஸ்திவாரம் அசையும். தரையோடு அறுத்து, பட்டையை உரித்து, துளையிட்டுச் சாணிக் கரைசலை ஊற்றி மண் மூடி விடுங்கள். சில வருஷத்தில் மட்கிவிடும். உப்பு, மண்ணெண்ணெய், களைக்கொல்லி எதுவும் வேண்டாம். வீட்டுச் சுவருக்குப் பத்தடிக்குள் என்றால் கரையான் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இலை தழை மூடாக்குக்கு, சிராய் மண்ணோடு கலக்காமல் மேலே மட்டும் போட. வாகைக் கட்டை நன்றாக இருந்தால் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள், மரச்செக்கு செய்கிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள்.

வெட்டின இடத்துக்குப் பதில் நடும்போது ஒரு சிக்கல் வரும். மாலை வெயிலுக்கு நிழல் வேண்டிய பக்கம் மேற்கு. விழுந்தால் வீட்டு மேல் விழுகிற பக்கமும் அதே மேற்கு. அதனால் மேற்கே உசில், வெப்பாலை மாதிரி பாறைக்குப் பழகின சிறு மரங்கள். ஆச்சா, வேம்பு, புளி எல்லாம் வடக்கே, கிழக்கே, வளர்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி. தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் வீட்டோரம் வேண்டவே வேண்டாம். முருங்கை ஒடிந்தால் ஓட்டைத்தான் உடைக்கும், அதைக் கிணற்றடிக்கு அனுப்புங்கள்.

கம்ப்ரசர் வைத்துப் பாறையில் மூணடிக் குழி குடைந்து, நல்ல மண் நிரப்பி நட்டால் அது நிலமல்ல, பூந்தொட்டி. மழையில் தண்ணீர் கட்டும், வேர் குழிக்குள்ளேயே சுற்றும், பதினைந்து வருஷத்தில் தொட்டியோடு கவிழும். குடைந்தே தீர வேண்டும் என்றால் சரிவுப் பக்கச் சுவரை உடைத்து அடுத்த குழியோடு வாய்க்காலாக இணைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, பையில் வளர்ந்த நாற்றை விட்டுவிட்டு விதையைப் பாறை இடுக்கிலேயே ஊன்றுவது. பையில் சுருண்ட வேர் கடைசி வரை சுருண்டேதான் இருக்கும், இடுக்கில் முளைத்த விதை வழி தேடிக்கொள்ளும். வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிரும். விதை ரெண்டு மூணு வாரத்துக்கு மேல் முளைப்புத் தாங்காது, பொறுக்கின கையோடு சதையை நீக்கி, இடுக்குக்கு மூணு விதை ஒரு அங்குல ஆழத்தில் போட்டு, ஆடு வாய் வைக்காமல் மேலே கருவேல முள்ளை வைத்துவிடுங்கள். அடுத்த மழைக்குத் தலை காட்டினதில் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.